கேலிக்கு ஆளான ஸ்போர்ட்ஸ் கார்களில் அப்படி என்ன இருக்கிறது?

வாசகர் கேள்வி: வெளிவந்த காலத்தில் பத்திரிகைகள் கிழித்துப்போட்ட, ஷோரூமில் தூங்கிய ஸ்போர்ட்ஸ் கார்களை இப்போது சிலர் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். போர்ஷே 914, டிரையம்ப் ஸ்டாக், போண்டியாக் ஃபியரோ மாதிரி. போர்ஷே 911 வாங்க முடியாதவர்கள் மனதைத் தேற்றிக்கொள்ளச் சொல்லும் கதைதானே இது? உண்மையிலேயே அந்த கார்களில் ஏதாவது இருக்கிறதா?

ஜனவரி 9

இருக்கிறது. 914 ஒன்றை வைத்து ஓட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். என்னுடையது 1973 மாடல், இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டர். அதே காலத்து 911-ஐயும் ஓட்டியிருக்கிறேன். நேர் சாலையில் 911 போகிற வேகத்துக்கு 914 கிட்டே வராது. வளைவில் கதை வேறு. 911-இல் என்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. வளைவின் நடுவில் பயந்து ஆக்ஸிலரேட்டரை விட்டால் வால் வெளியே போகப் பார்க்கும். 914-இல் என்ஜின் இருக்கைக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால். எடை நடுவில் இருக்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கார் முழுவதும் ஒரே நேரத்தில் திரும்புகிறது. 1969-இல் சாதாரண மனிதர் வாங்கக்கூடிய காரில் இந்த அமைப்பு மிக அரிது. அந்த ஒரு குணத்துக்காகவே நான் இதை வாங்கினேன்.

பிறகு ஏன் கேலி செய்தார்கள்? பாதி காரணம் காரில் இல்லை, அது பிறந்த விதத்தில் இருக்கிறது. ஃபோக்ஸ்வாகனின் தலைவர் ஹைன்ரிஷ் நோர்தோஃபும் ஃபெர்ரி போர்ஷேயும் வாய்மொழியாகப் பேசி முடித்த திட்டம் அது. நான்கு சிலிண்டர் ஃபோக்ஸ்வாகன் பெயரில், ஆறு சிலிண்டர் போர்ஷே பெயரில் என்று ஏற்பாடு. 1968 ஏப்ரலில் நோர்தோஃப் இறந்துவிட்டார். அடுத்து வந்த குர்ட் லோட்ஸ் அந்த வாய்ப்பேச்சை ஏற்கவில்லை. கடைசியில் கூட்டாக ஒரு விற்பனை நிறுவனம், ஐரோப்பாவில் 'ஃபோக்ஸ்வாகன்-போர்ஷே' என்று இரட்டைப் பெயர், அமெரிக்காவில் வெறும் போர்ஷே. போர்ஷே வாங்கும் பாடிகளின் விலை ஏறியது. ஆறு சிலிண்டர் 914-இன் விலை 911 டி-யின் விலைக்குப் பக்கத்தில் போய் நின்றது. அந்த விலைக்கு யார் இதை வாங்குவார்கள்? ஏறக்குறைய 3,300-தான் செய்தார்கள். ஆனால் அதே ஆறு சிலிண்டர் கார் 1970 லெ மான் போட்டியில் தன் ஜிடி பிரிவில் ஜெயித்தது, மொத்தத்தில் ஆறாவதாக வந்தது. கார் என்றைக்கும் கெட்ட கார் இல்லை.

ஜனவரி 10

ஒன்றைச் சேர்க்க வேண்டும். 'ஷோரூமில் தூங்கிய' என்று கேள்வியில் இருக்கிறது. 914-க்கு அது பொருந்தாது. மொத்தம் ஏறக்குறைய 1,19,000 கார்கள் விற்றன. ஃபியரோ 3,70,000. எல்லோரும் திட்டுகிற டிரையம்ப் டிஆர்7 ஒரு லட்சத்தைத் தாண்டியது. டிஆர் வரிசையிலேயே அதிகம் விற்றது அதுதான்.

ஆக, இரண்டு வகையைக் கலந்து பேசிக்கொண்டிருக்கிறோம். விற்றும் மரியாதை கிடைக்காதவை ஒரு வகை. உண்மையிலேயே விற்காதவை இன்னொரு வகை: சிட்ரோயன் எஸ்எம் 13,000-க்குள், ஆல்ஃபா ரோமியோ மான்ட்ரியல் நான்காயிரத்துக்குள். இதில் எதை வாங்குகிறோம் என்பது பின்னால் மிகவும் முக்கியம். முதல் வகைக்கு உதிரி பாகம் கிடைக்கும். இரண்டாவது வகைக்கு முதலில் கைதேர்ந்த ஒரு மெக்கானிக்கைக் கண்டுபிடித்துவிட்டு, அப்புறம் காரைத் தேட வேண்டும்.

ஜனவரி 14

'மரியாதை இல்லாதவை' பற்றி யோசித்துக்கொண்டே இருந்தேன். பெரும்பாலும் பெயர்ப்பலகைதான் வில்லன். காரின் மூக்கில் ஒரு பெயர் இருந்தால், அந்தப் பெயர் நமக்குள் ஏற்கெனவே ஒரு காரைச் செய்துவைத்திருக்கிறது. வந்த கார் அதுபோல் இல்லாவிட்டால் கோபம் வருகிறது.

போர்ஷே 924-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோக்ஸ்வாகனுக்காகப் போர்ஷே வடிவமைத்த கார் அது. ஃபோக்ஸ்வாகன் பின்வாங்கியதும் போர்ஷே அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது. தயாரித்தது ஜெர்மனியின் நெக்கர்ஸுல்மில், பழைய என்எஸ்யு கார் தொழிற்சாலையில். அதன் இரண்டு லிட்டர் என்ஜின் ஃபோக்ஸ்வாகன் எல்டி வேனிலும் இருந்ததால் 'வேன் என்ஜின்' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. என்ஜினை முன்னாலும் கியர்பாக்ஸைப் பின்னாலும் வைத்து எடையை ஏறக்குறைய சரிபாதியாகப் பிரித்திருந்தார்கள் என்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்த அடித்தளத்தின் மேல்தான் பிறகு 944 வந்தது. அதை எல்லோரும் புகழ்ந்தார்கள்!

ஃபெராரி 308 ஜிடி4-உம் இதே கதை. 1973-இல் வந்தது. ஃபெராரி வாடிக்கையாளர்கள் பினின்ஃபரினா என்ற வடிவமைப்பு நிறுவனம் வரைந்த வளைவுகளுக்குப் பழகிப்போயிருந்தார்கள். இது இன்னொரு நிறுவனமான பெர்டோனே வரைந்த ஆப்பு வடிவம். மேலே ஃபெராரி என்று இல்லாமல் டீனோ என்ற துணைப் பெயர், குதிரைச் சின்னம்கூட முதலில் இல்லை. 'இதெல்லாம் ஃபெராரியா' என்றார்கள். நடுவில் வி8 (எட்டு சிலிண்டர் என்ஜின்) வைத்து விற்ற முதல் சாலைக் கார் அந்த வீட்டிலிருந்து இதுதான். பின்னால் வந்த வி8 வரிசை முழுவதற்கும் மூத்தது.

இப்போது அந்தப் பெயர்ச் சண்டைகளெல்லாம் ஓய்ந்துவிட்டன. சாவியைப் போட்டு ஓட்டும்போது கார் மட்டும்தான் இருக்கிறது. பழைய காரை இன்று வாங்குகிறவருக்குக் கிடைக்கிற பெரிய லாபம் அது. அன்றைக்கு வாங்கியவருக்கு அது கிடைக்கவில்லை.

ஜனவரி 15

"அப்படியானால் அன்றைய விமர்சனம் எல்லாமே தவறா?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லவே இல்லை. லான்சியா பீட்டா மான்டேகார்லோவில் பிரேக் பூஸ்டர் (பெடல் அழுத்தத்தைக் கூட்டித் தரும் கருவி) முன் சக்கரங்களுக்கு மட்டும் வேலை செய்தது. ஈரச் சாலையில் அழுத்தினால் முன் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். 1978-இல் தயாரிப்பையே நிறுத்தி, 1980-இல் பூஸ்டர் இல்லாமல் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதைக் குறை சொன்னவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள்.

செவ்ரோலே கார்வேர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பின்னால் என்ஜின், ஊஞ்சல் அச்சு (சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது சாய்ந்துவிடும் அமைப்பு). முன் டயரில் 15, பின் டயரில் 26 பிஎஸ்ஐ காற்று இருந்தால்தான் ஒழுங்காக நடந்துகொள்ளும். பெட்ரோல் பங்கில் நான்கு டயருக்கும் ஒரே அளவு அடித்துவிட்டால் போச்சு. ஓட்டுகிறவர் அதை நினைவில் வைத்திருப்பார் என்று நம்பி ஒரு காரை விற்றது தவறுதான். கார்களின் பாதுகாப்புக் குறைகளைச் சாடிய ரால்ஃப் நேடரின் கடுமையான புத்தகம் 1965-இல் வந்தது. அதற்குள் அந்த வருட மாடலில் பின் சஸ்பென்ஷனை முழுவதும் மாற்றிவிட்டிருந்தார்கள். 1972-இல் அமெரிக்க அரசின் ஆய்வு, பழைய மாடலும்கூட அந்தக் காலத்து மற்ற கார்களைவிட மோசம் இல்லை என்று சொன்னது. அதற்குள் கார்வேர் நின்று மூன்று வருடம் ஆகியிருந்தது. திருத்திய கார்வேர் மிக அழகான கார். எனக்கு அந்த அநியாயம் இன்றும் உறுத்துகிறது.

ஜனவரி 22

ஸ்டாக் பற்றித் தனியாக எழுதச் சொன்னீர்கள். எழுத எனக்கும் ஆசைதான். நெருங்கிய நண்பர் ஒருவரிடம் இருக்கிறது, அந்த என்ஜினைப் பிரித்துக் கோர்த்தபோது பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுத்தேன்.

1970-இல் வந்த கார். இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டியின் வடிவம், நான்கு பேர் உட்காரலாம், திறந்த கூரை, மூன்று லிட்டர் வி8. எட்டு வருடத்தில் 26,000 கூடச் செய்யவில்லை. தங்கள் குழுமத்துக்குள்ளேயே நல்ல ரோவர் வி8 இருந்தும் தங்கள் சொந்த வி8-ஐத்தான் வைத்தார்கள். அது கொதித்தது. ஊர் சிரித்தது.

ஏன் கொதித்தது என்பதைப் பிரித்துப் பார்த்தால்தான் புரிகிறது. வாட்டர் பம்ப் என்ஜினின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் கொஞ்சம் குறைந்தாலே பம்ப் காற்றைச் சுழற்ற ஆரம்பித்துவிடும். வெப்பமானியின் முள் உடனே சொல்லாது. வார்ப்பிரும்பு பிளாக்குக்குள் வார்ப்பு மணல் மிச்சம் இருந்து, அது போய் ரேடியேட்டரை அடைத்தது. பிளாக்கின் மேல் உட்காரும் ஹெட் அலுமினியம். ஹெட்டைப் பிடிக்கும் ஸ்டட்களில் (திருகுத் தண்டுகளில்) பாதி நேராகவும் பாதி சாய்வாகவும் நிற்கின்றன, துரு பிடித்தால் ஹெட்டை மேலே தூக்க எந்தத் திசையும் இருக்காது. நண்பருடைய என்ஜினில் ஒரு பக்க ஹெட் கழன்று வரவே மறுத்தது. ஊற வைத்து, தட்டி, சூடு காட்டி, மறுபடி ஊற வைத்து... அந்தப் பொறுமை எனக்குச் சத்தியமாக இருந்திருக்காது.

இப்போது அந்த கார் கோடையில் நெரிசலில் நின்றாலும் முள் நடுவிலேயே நிற்கிறது. மணலைக் கழுவி எடுத்தார்கள், பெரிய ரேடியேட்டர் போட்டார்கள், டைமிங் செயினை நீளும்வரை காத்திருக்காமல் மாற்றுகிறார்கள். தொழிற்சாலை செய்யாமல் விட்டதை உரிமையாளர்கள் சங்கமாகச் சேர்ந்து செய்து முடித்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் வெறுத்துப்போய் ரோவர் என்ஜினை மாற்றிப் போட்டவர்கள் நிறைய. இன்று சொந்த என்ஜினோடு இருக்கும் ஸ்டாக்கைத்தான் தேடுகிறார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டால் ஏன் என்று புரியும். அது ரோவர் வி8-இடம் இல்லை.

இதைப் பார்த்தபிறகு, 'நியாயமாகக் கேலிக்கு ஆளானவை, அநியாயமாக ஆளானவை' என்று நான் மனதில் வைத்திருந்த பிரிவு அவ்வளவு பயன்படவில்லை. ஸ்டாக் நியாயமாகத்தான் திட்டு வாங்கியது. இருந்தும் வைத்திருக்கத் தகுந்த கார். குறை என்ன என்று முழுவதும் தெரிந்துவிட்ட கார், குறையே இல்லை என்று விளம்பரம் செய்யப்படுகிற காரைவிட நிம்மதி.

பிப்ரவரி 2

விசித்திரங்களைப் பற்றி யாருமே பேசவில்லையே! எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.

914-இன் ஹேண்ட்பிரேக் ஓட்டுநருக்கும் கதவுக்கும் நடுவில் இருக்கிறது. மேலே இழுத்துவிட்டால் இறங்கும்போது காலில் மாட்டும் அல்லவா? அதனால் இழுத்தபின் கைப்பிடி மட்டும் கீழே மடங்கிப் படுத்துக்கொள்கிறது, பிரேக் பிடித்தபடியே இருக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் ஹேண்ட்பிரேக் போடவே இல்லை என்று பதறுவார்கள். முதல் வருடங்களின் 914-இல் பக்கத்து இருக்கை நகரவே நகராது. அதற்குப் பதிலாகக் கால் வைக்க ஒரு நகரும் கட்டை உண்டு. கூரையைக் கழற்றினால் பின் டிக்கியில் வைத்துவிட்டு, சாமான்களை முன் டிக்கியில் போடலாம். இரண்டு டிக்கி உள்ள ஸ்போர்ட்ஸ் கார்!

ஓப்பல் ஜிடி-யின் ஹெட்லைட்டுகள் மின்மோட்டாரால் எழும்புவதில்லை. கியருக்குப் பக்கத்தில் ஒரு நெம்புகோல் இருக்கிறது, அதைக் கையால் தள்ள வேண்டும். இரண்டு விளக்கும் ஒரே திசையில் உருண்டு திரும்பும். டிக்கிக் கதவே கிடையாது, பெட்டியை இருக்கைக்குப் பின்னால் திணிக்க வேண்டும்.

மாத்ரா பகேராவில் மூன்று பேர் ஒரே வரிசையில் உட்காரலாம். இரண்டு இருக்கையில் குடும்பம் அடங்காது, நான்கு இருக்கை வைத்தால் நடுவில் என்ஜினுக்கு இடம் இல்லை. யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து இந்தச் சிக்கலை யோசித்து, 'அப்படியானால் பக்கத்தில் பக்கத்தில் மூன்று' என்று முடிவு செய்திருக்கிறார். கேலி செய்ய எளிது. உட்கார்ந்து பார்த்தால் அவ்வளவு இயல்பாக இருக்கிறது, ஏன் எல்லோரும் இப்படிச் செய்யவில்லை என்று தோன்றும்.

எனக்கு இந்த கார்களின் ஈர்ப்பே இதில்தான். ஒவ்வொரு கோணலுக்கும் பின்னால் ஒரு சிக்கலும், அதைத் தன் வழியில் தீர்த்த ஒரு மனிதரின் தீர்மானமும் இருக்கிறது. எல்லோருக்கும் பிடிக்கும்படி செய்த காரில் அந்த மனிதரைக் காணவே முடியாது, ஏனென்றால் அவருக்குப் பின் பத்துப் பேர் வந்து கோணலைத் தேய்த்துவிட்டிருப்பார்கள்.

பிப்ரவரி 3

சிட்ரோயன் எஸ்எம்மை விட்டுவிட்டேனாம். சரி. ஓரத்திலிருந்து ஓரம் ஸ்டீயரிங் இரண்டே சுற்று. கையை விட்டால், கார் நின்றிருந்தாலும், தானே நேராகத் திரும்பிவிடும். பிரேக் பெடலுக்குப் பதில் தரையில் ஒரு குமிழ். நண்பரின் நண்பர் ஒருவர் என்னை ஓட்டவிட்டார். முதல் திருப்பத்தில் கார் நான் நினைத்ததைவிட இருமடங்கு திரும்பியது. கொஞ்ச நேரத்தில் கை தானாகவே மென்மையாகிவிட்டது. பிறகு என் காருக்குத் திரும்பியபோது அதன் ஸ்டீயரிங் சோம்பேறியாகத் தெரிந்தது. இப்படி ஒரு காரை 1970-இல் செய்து விற்கத் துணிந்தார்களே! அதில் இருக்கும் மாஸராட்டி வி6 என்ஜினின் செயின் டென்ஷனரை (செயினை இறுக்கிப் பிடிக்கும் பாகத்தை) மட்டும் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிப்ரவரி 17

914 வாங்கப் போகிறேன், எங்கே பார்க்க வேண்டும் என்று கேட்டவருக்கு.

பேட்டரிக்குக் கீழே. முதலில் அங்கே, கடைசியிலும் அங்கே. பேட்டரி என்ஜின் அறையில் வலது பக்கம் இருக்கிறது. மழைநீரும் அமிலமும் சேர்ந்து கீழே சொட்டி, பேட்டரித் தட்டைத் தின்று, அதன் கீழே பின் சஸ்பென்ஷன் பிடிக்கும் இடத்தையும் நீளவாக்கில் ஓடும் பெட்டிச் சட்டத்தையும் தின்னும். உரிமையாளர்கள் அந்த இடத்துக்கு வைத்த பெயர் நரகக்குழி. கூரை இல்லாத காருக்கு அந்தப் பக்கச் சட்டங்கள்தான் முதுகெலும்பு. அது போனால் கார் நடுவில் தொய்யும். அதனால் கதவு இடைவெளியைப் பாருங்கள்: மேலே குறுகியும் கீழே அகன்றும் இருந்தால் பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். கூரையைக் கழற்றி, காரை ஜாக்கியில் தூக்கி, கதவு இன்னும் ஒழுங்காகத் திறந்து மூடுகிறதா என்றும் பார்க்கலாம்.

அடுத்தது பெட்ரோல் குழாய். நடுச் சுரங்கத்தின் வழியாகப் போவது பிளாஸ்டிக். இத்தனை வருடத்தில் அது மொறுமொறுவென்று ஆகியிருக்கும். பயணியும் பெட்ரோலும் ஒரே அறையில்! யார் என்ன சொன்னாலும் ஓட்டும் முன்பு எஃகுக் குழாயாக மாற்றிவிடுங்கள். அமிலம் சொட்டாத அடைத்த பேட்டரியும் போட்டுவிடுங்கள்.

1973-க்கு முந்தைய கார் என்றால் கியர் போடுவது ஒரு தேடல். இணைப்புத் தண்டு பின்னால் கியர்பாக்ஸின் கடைசிவரை போய்ச் சேர வேண்டும். 1973-இல் அதைப் பக்கவாட்டில் இணைத்தபிறகு நிலைமை நன்றாக மாறியது.

என்ஜின் பற்றிக் கவலை வேண்டாம். ஃபோக்ஸ்வாகன் 411-இலும் பிறகு அவர்களுடைய வேனிலும் வந்த அதே குடும்பம். எந்த எளிய பிறப்பைச் சொல்லிக் கேலி செய்தார்களோ அதுதான் இன்றும் இதற்குச் சோறு போடுகிறது. ஆறு சிலிண்டர் 914 வைத்திருப்பவரைக் கேளுங்கள், ஒரு பழுதுக்கு அவர் 911-க்கு ஆகும் செலவைக் கொடுக்கிறார். கிடைக்கவே கிடைக்காதவை உட்புறத் துண்டுகள், ரப்பர் பட்டைகள், சின்னச் சின்ன அலங்காரங்கள். என்ஜின் ஓடாத முழுமையான கார், என்ஜின் ஓடும் அரைகுறைக் காரைவிட மேல். இது எல்லாப் பழைய காருக்கும் பொருந்தும்.

மார்ச் 5

ஃபியரோக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள், நான் எண்ணிக்கையை மட்டும் சொல்லிவிட்டு ஓடிவிட்டேன் என்று. நியாயம்.

1984 மாடலாக வந்தது. எஃகுச் சட்டகம், மேலே போல்ட்டால் மாட்டிய பிளாஸ்டிக் பலகைகள், நடுவில் என்ஜின். செலவைக் குறைக்க முன் சஸ்பென்ஷனை செவ்ரோலே ஷெவெட் காரிலிருந்தும் பின்னதை செவ்ரோலே சைட்டேஷனின் முன்பக்கத்திலிருந்தும் எடுத்து வைத்தார்கள். முதல் வருட நான்கு சிலிண்டர் கார்களில் எண்ணெய் குறைந்தால் கனெக்டிங் ராடு உடைந்து, எண்ணெய் சூடான புகைக்குழாயில் பட்டு தீப்பிடித்தது. பெயர் கெட்டுவிட்டது. 1988 மாடலில்தான் இந்த காருக்கென்றே வடிவமைத்த சஸ்பென்ஷனைக் கொடுத்தார்கள். ஓட்டிப் பார்த்தவர்கள் வியந்தார்கள். அதே வருடம் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

கார்வேரும் அப்படித்தான், திருந்தியபின் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆகவே இந்த வகை கார்களில் கடைசி வருடத்தைத் தேடுங்கள். பொறியாளர்கள் முதல் நாளே செய்ய விரும்பியது பெரும்பாலும் கடைசி வருடத்தில்தான் வெளிவந்திருக்கும்.

மார்ச் 6

விலை ஏறுவது பற்றி: பிஎம்டபிள்யூ எம் கூப்பே வந்தபோது 'கோமாளி ஷூ' என்று சிரித்தார்கள். மொத்தம் 6,300 அளவில்தான் செய்தார்கள். இப்போது விலை எங்கேயோ போய்விட்டது. சிறகுக் கதவு வைத்த ஆட்டோஸாம் ஏஇஸட்-1, 660 சிசி-க்குள் அடங்கிய குட்டி கார், புதிதாக இருந்தபோது விற்கத் திணறியது. அதற்கும் இன்று வரிசையில் நிற்கிறார்கள். எனக்கு இதில் மகிழ்ச்சி பாதிதான். மதிப்பு ஏறியதால் குப்பைக்குப் போக இருந்த பல கார்களுக்கு வெல்டிங் செலவு செய்ய ஆள் வந்தது, அது நல்லது. ஆனால் விலை ஒரு எல்லையைத் தாண்டியதும் காரை வெளியே எடுக்கவே பயப்படுகிறார்கள். எடையை நடுவில் வைத்த காரைப் போர்வைக்குள் வைத்துவிட்டு அந்த எடை நடுவில் இருந்து என்ன பயன்?

மார்ச் 20

மாத்ரா பகேராவா, அதற்குப் பின் வந்த முரேனாவா என்ற கேள்விக்கு என் பதில் முரேனா. பகேராவில் மேலே பாலியெஸ்டர் பலகைகள் புதிதுபோல் மினுங்கும், உள்ளே எஃகுச் சட்டம் துருவேறி உதிர்ந்திருக்கும். வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. 1980-இல் வந்த முரேனாவில் எஃகுச் சட்டகத்தை முழுவதும் துத்தநாகத்தில் முக்கி எடுத்துவிட்டார்கள். இருக்கை அமைப்பு அதே மூன்று. என்ஜின் 1.6 அல்லது 2.2 லிட்டர், கிடைத்தால் பெரியதை எடுங்கள். பகேராதான் வேண்டும் என்று மனம் பிடிவாதம் பிடித்தால், பலகையைக் கழற்றிப் பார்க்க அனுமதிக்கிற ஆளிடம் மட்டும் வாங்குங்கள். பார்க்கப் போகும்போது இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். மூன்று இருக்கையும் நிறைந்து ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தால், வேண்டுமா வேண்டாமா என்று மூன்று பேருக்குமே தெரிந்துவிடும்.